சுபாங் ஜெயாவில் பறந்த கோலா மீன்

1

"எக்கா, அந்தப் படத்துல இருக்கது நீயா?"

சங்கரன்கோவிலிலிருந்து என் தங்கை உமா போனில் கேட்டாள். என் மகள் தர்ஷினி இணையத்தில் போட்டிருந்த படம் நாலு பேர் கைமாறி அவளிடம் போய்ச் சேர்ந்திருக்கிறது. படத்தில் ஒரு பெண் அடுக்குமாடிக் குடியிருப்பின் கார் நிறுத்துமிடத்தில் மழையில் நிற்கிறாள். முதுகிலிருந்து இரண்டு பக்கமும் நீலச் சிறகுகள் விரிந்திருக்கின்றன. பக்கத்தில் நிற்கும் கார் அவற்றுக்குக் கீழே பொம்மை மாதிரித் தெரிகிறது. தலைக்கு மேலே வெள்ளியில் ஒரு மீன் முகம். அவள் வாய் திறந்திருக்கிறது. சிரிக்கிறாளா, கத்துகிறாளா என்று சொல்ல முடியாது.

"நான்தாம்ட்டி."

"என்னக்கா வேஷம் இது? கோயில் கொடையா?"

"இல்லட்டி."

"பொறவு?"

சொல்ல ஆரம்பித்தேன். மலேசியாவில் குடியிருக்கிற நான், மேற்கிந்தியத் தீவுக்காரி ஒருத்தியின் திருவிழா உடையை, காவடி செய்கிறவரின் பட்டறையில் கட்டி, கடைசியில் அதற்குள் நானே நின்றேன் என்பதை எந்த முனையிலிருந்து தொடங்குவது? நான் திணறுவதைக் கேட்டு உமா சிரித்துவிட்டாள். "நீ எழுதி அனுப்புக்கா, நிதானமாப் படிச்சிக்கிடுதேன்" என்றாள். அவளுக்காக எழுத உட்கார்ந்ததுதான் இது. என்னைப் போல ஊரைவிட்டு வந்தவர்களை வைத்திருக்கும் வீடுகளில் மற்றவர்களும் படிக்கலாம் என்று பிறகு தோன்றியது.

2

கல்யாணமாகி நான் வந்து இறங்கிய இடம் பண்டமாரான். கிள்ளான் துறைமுகத்துக்குப் பக்கம். பகலெல்லாம் கண்டெய்னர் லோரிகள் போகும். அவை போகும்போது எங்கள் வீட்டு ஜன்னல் கண்ணாடி மெதுவாகப் பேசும். முதல் வருடம் அந்தச் சத்தத்தில் தூக்கம் வராது. இப்போது பெருநாள் விடுமுறையில் லோரி ஓடாவிட்டால்தான் விழித்துக்கொள்கிறேன்.

என் கணவர் சரவணன் இங்கேயே பிறந்தவர். வீட்டையொட்டித் தகரக் கூரை போட்ட பட்டறையில் கிரில் கதவும் வாசல் கேட்டும் செய்கிறார். தைப்பூசத்துக்கு முந்தைய மாதங்களில் கேட் வேலையை ஒதுக்கிவிட்டுக் காவடிச் சட்டங்கள் செய்வார். இங்கே காவடி என்றால் நம் ஊரில் தோளில் வைக்கும் வளைந்த கம்பு இல்லை. அலுமினியத்தில் வளைவு வளைவாக எழும்பும் ஒரு சின்னக் கோபுரம். ஆள் அதற்குள் நிற்க வேண்டும். எடை தோளிலும் இடுப்பிலும் இறங்கும். மயிலிறகும் ஜிகினாவும் வைத்து முடித்தால், நடக்கிறவர் முகம் மட்டும் நடுவில் தெரியும்.

நான் இன்னும் இந்தியக் குடிமகள்தான். இங்கே தங்குவதற்கான பாஸைப் புதுப்பிக்கும் ஒவ்வொரு முறையும் அவரும் கூட வர வேண்டும். எண் அட்டையை வைத்துக்கொண்டு இருவரும் பிளாஸ்டிக் நாற்காலியில் காத்திருப்போம். முதல் தடவை போனபோது கவுன்டரில் இருந்த பெண் அதிகாரி என்னைப் பார்த்து, "சூரி ரூமா?" என்று கேட்டாள். வேறு யாரோ ஒரு சூரியைத் தேடுகிறாள் என்று நினைத்து, "இல்லைங்க, கோமதி" என்றேன். இவர் சிரிப்பை அடக்க முடியாமல் தலையைக் குனிந்துகொண்டார். சூரி ரூமா என்றால் மலாயில் இல்லத்தரசி. அன்றிலிருந்து எல்லாத் தாளிலும் நான் சூரி ரூமாதான்.

தர்ஷினி சுபாங் ஜெயாவில் ஒரு கல்லூரியில் உடை வடிவமைப்புப் படிக்கிறாள். தமிழ் புரியும். பேசினால் பாதிக்கு மேல் ஆங்கிலம், நடுவில் மலாய். நான் நீளமாகப் பேசினால் அவள் முகம், பேருந்து வருகிறதா என்று பார்க்கிறவள் முகம் மாதிரி ஆகிவிடும். "அம்மா, சுருக்கமா சொல்லுங்க லா" என்பாள். வீட்டில் மூன்று பேரும் சாப்பிட உட்கார்ந்தால் அப்பாவும் மகளும் பேசுவார்கள். நான் பரிமாறுவேன்.

3

ஷெல்லி வந்தது ஒரு மழைக்காலப் பகலில். காவடி வேலை குவிந்திருந்த நேரம். பட்டறை வாசலில் கார் நின்றது. உயரமான ஒரு பெண் தலையில் மஞ்சள் துணியைச் சுற்றிக்கொண்டு இறங்கினாள். நம்மைப் போன்ற நிறம், நம்மைப் போன்ற மூக்கு. நான் தமிழில், "வாங்க, யாரைப் பாக்கணும்?" என்றேன். அவள் ஆங்கிலத்தில் பதில் சொன்னாள். ஆனால் அது பாட்டு மாதிரி ஏறி இறங்குகிற ஆங்கிலம். எனக்குப் பாதிதான் பிடிபட்டது.

டிரினிடாட்டுக்காரி. கணவர் எண்ணெய்க் கம்பெனி இன்ஜினியர். சுபாங் ஜெயாவில் குடியிருப்பு. பெயர் ஷெல்லி மூன்சாமி. இவர் வெல்டிங் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, "மூன்சாமியா? அது முனிசாமிம்மா! உங்க தாத்தா, பாட்டன் யாரோ முனிசாமி" என்றார். அன்று வீட்டில் இருந்த தர்ஷினி மொழிபெயர்த்தாள். ஷெல்லி அந்தப் பெயரை மூன்று நான்கு தடவை வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள். மெட்ராஸிலிருந்து கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலில் போனவர்கள் என்பது மட்டும் அவளுக்குத் தெரியும்.

"ஐ வான்ட் டு ப்ளே மாஸ்" என்றாள்.

இவர் என்னிடம் மெதுவாக, "மாஸுன்னா தங்கம்ல? நம்மகிட்ட எதுக்கு வந்திருக்காங்க? நகைக்கடைக்கு அனுப்பு" என்றார். மலாயில் மாஸ் என்றால் தங்கம். எனக்கோ ஊரில் கதாநாயகன் திரையில் நடந்து வரும்போது தியேட்டரில் கத்துகிற மாஸ்தான் நினைவுக்கு வந்தது. ஷெல்லி தன் போனைக் காட்டினாள். தெருவெல்லாம் மனிதர்கள். வானவில்லைக் கட்டிக்கொண்டு போகிற மாதிரி ஒருத்தி, பத்து ஆள் உயரப் பூச்சியாக ஒருவன், சக்கரம் வைத்து இழுத்துக்கொண்டு போகும் ஒரு சூரியன். ஒவ்வொன்றும் கம்பியை வளைத்து, துணியை ஒட்டி, மாதக்கணக்கில் கையால் செய்தது. அதைப் போட்டுக்கொண்டு இரண்டு நாள் தெருவில் ஆடுவதற்குப் பெயர்தான் மாஸ். சின்ன வயதிலிருந்து ஒரு வருடம்கூட அவள் தவறவிட்டதில்லை. இந்த வருடம் ஊருக்குப் போக முடியாது. இங்கேயே, தீவுகளிலிருந்து வந்த நாலைந்து குடும்பங்கள் சேர்ந்து சின்னதாக ஓர் ஊர்வலம் போகப்போகிறார்கள். போன தைப்பூசத்தில் பத்துமலையில் மனிதர்கள் கோபுரங்களைச் சுமந்து போவதைப் பார்த்திருக்கிறாள். அப்படி ஒரு சட்டம் வேண்டும். பறக்கும் மீன் ஒன்றாக ஆட வேண்டும்.

இவர் தயங்கினார். "காவடி நான் விரதம் இருந்து செய்றது. ஆட்டத்துக்கு எப்படிச் செய்ய?"

தர்ஷினி சொன்னதைக் கேட்டு ஷெல்லி கோபப்படவில்லை. "எதைத் தொடக்கூடாது என்று சொல்லுங்கள். தொடமாட்டேன்" என்றாள். பிறகு, வெயில் எப்படி என்று சொல்கிற குரலில், தன் இடது மார்பின் மேல் கையை வைத்து, "இங்கே இப்போது ஒன்றும் இல்லை. எடுத்துவிட்டார்கள். இந்தக் கையால் பாரம் தூக்கக் கூடாது, தோளில் பட்டை மாட்டக் கூடாது. உங்கள் ஆட்கள் இடுப்பில் சுமந்ததைப் பார்த்தேன், அதனால்தான் வந்தேன்" என்றாள்.

எனக்கே அது புரிந்தது. இவர் திரும்பி, சுவரில் சாய்த்து வைத்திருந்த குழாய்களில் ஒன்றை எடுத்துத் தன் இடுப்பில் வைத்துப் பார்த்தார்.

"எடை முழுசும் இடுப்புல இறக்கிடலாம்" என்றார். "புதுக் குழாய் வாங்கிக்குவோம். மயிலிறகு மட்டும் வேண்டாம்னு சொல்லு. அது முருகனோடது."

4

அந்த வாரங்களை நினைத்தால் எனக்கு நீல நிறம்தான் வருகிறது. பட்டறையின் ஒரு பக்கம் காவடிகள், மஞ்சளும் பச்சையுமாக. மறுபக்கம் மீன்.

மயிலிறகு கிடையாது, அவள் ஊரில் வைக்கும் இறகுகள் இங்கே கிடைக்காது. சிறகுக்கு என்ன செய்வது என்று தெரியாமல் ஷெல்லி விழித்துக்கொண்டிருந்தபோது, தர்ஷினி வாசலில் கிடந்த நீலப் பிளாஸ்டிக் பட்டை ஒன்றை எடுத்துவந்தாள். துறைமுகத்தில் பெட்டிகளை இறுக்கிக் கட்டும் பட்டை. பிரித்த பிறகு குப்பையில் போய்விடும். அப்பாவின் கம்பிப் பிரஷை எடுத்து அதன் ஓரத்தை இழுத்துச் சீவினாள். பட்டை நார் நாராகப் பிரிந்தது. இன்னும் சீவினாள். ஒரு முனையிலிருந்து மென்மையான நீல இறகு ஒன்று விரிந்து தொங்கியது. ஷெல்லி அதை வாங்கிக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். தர்ஷினியைக் கட்டிக்கொண்டாள்.

அதன்பிறகு பக்கத்து வீட்டு லோரிக்காரர்கள் மூட்டை மூட்டையாகப் பட்டை கொண்டுவந்து போட்டார்கள். நாங்கள் மூவரும் உட்கார்ந்து சீவினோம். மதிய வெயில் தகரத்தின் ஓட்டைகள் வழியாகக் கம்பி கம்பியாக இறங்கும். அதில் நீலத் தூசு மிதக்கும். எங்கள் முடியிலும் இமையிலும் நீலம். அந்த வெக்கையில் அரைத்தூக்கமாக இருக்கும். சில நேரம் தண்ணீருக்கு அடியில் உட்கார்ந்து வேலை செய்வதாகவே தோன்றும். லோரி போகும் சத்தம்கூடத் தூரத்துக் கப்பல் சத்தம் மாதிரிக் கேட்கும்.

சிறகின் அடிப்பக்கத்துக்கு வெள்ளி ஜரிகை வாங்கக் கிள்ளானில் எனக்குப் பழக்கமான துணிக்கடைக்கு ஷெல்லியைக் கூட்டிப்போனேன். கடைக்காரர் நாகூர்ப் பக்கத்திலிருந்து வந்த குடும்பம். அவள் படத்தைப் பார்த்ததும், "அட, இது கோலா மீனுல்ல! எங்க ஊர்ல பறவைக்கோலான்னு சொல்லுவோம். படகு போனா ரெண்டு பக்கமும் எழும்பிப் பறக்கும்" என்றார். ஷெல்லி, "கோலா, கோலா" என்று குதித்தாள். அவள் கடலிலும் அதே மீன் படகுக்கு இரண்டு பக்கமும் எழும்புமாம். நான் கடலே பார்க்காத ஊரில் வளர்ந்தவள். இரண்டு பேரும் என் தலைக்கு மேலே மீனைப் பறக்கவிட்டுப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். எனக்குப் பொறாமையாக இருந்தது. என்னிடம் நாலு வார்த்தைக்கு மேல் பேசாத மகள், ஷெல்லியோடு மணிக்கணக்கில் பேசினாள். அவள் சிரிப்பது பட்டறைக்கு வெளியே கேட்கும். நான் தேநீர் கொண்டுபோய் வைத்தால் பேச்சு ஒரு நொடி நிற்கும். பிறகு தொடரும்.

ஷெல்லியால் எல்லா நாளும் வர முடியாது. மருந்து ஏற்றிய நாட்களில் படுத்துக்கிடப்பாள். சட்டத்தின் இடுப்பு வளையத்தை அளவு பார்க்க ஆள் வேண்டும். எங்கள் இருவருக்கும் உயரம்தான் வேறு, இடுப்பளவு ஒன்று. அதனால் அவளுக்குப் பதிலாக நான் நிற்பேன். இவர் வளையத்தை என் மேல் இறக்கி, திருகை முடுக்கி, "வலிக்குதா? இங்க அழுத்துதா?" என்று கேட்பார். அலுமினியம் எலும்பின் மேல் உட்காரும் இடம் எனக்கு மனப்பாடமானது. ஒருநாள் யாரும் இல்லாதபோது, வளையத்துக்குள் நின்றபடி ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தேன். சிறகும் என் பின்னாலேயே திரும்பியது.

சின்ன வயதில் எங்கள் தெருவில் கோயில் கொடைத் திருவிழாவுக்கு நையாண்டி மேளம் வரும். தவில் சத்தம் வயிற்றுக்குள் போய் உதைக்கும். ஆண் பிள்ளைகள் முன்னால் ஆடிக்கொண்டு போவார்கள். நானும் ஒரு முறை இறங்கிவிட்டேன். நாலு எட்டு ஆடுவதற்குள் சித்தப்பா என் முழங்கையைப் பிடித்து வீட்டுக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினார். யாரும் அடிக்கவில்லை, திட்டவில்லை. கதவுக்குப் பின்னால் நின்று மேளம் தெருமுனை திரும்புவதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். இதை ஷெல்லியிடம் உடைந்த ஆங்கிலத்தில் சொன்னேன். அவள் பிரஷைக் கீழே வைத்துவிட்டு முழுதும் கேட்டாள். பக்கத்தில் தர்ஷினியும் இருந்தாள். தலை நிமிராமல் பட்டையைச் சீவிக்கொண்டிருந்தாள்.

5

ஏரிப் பூங்காவில் ஊர்வலம் போக விண்ணப்பித்தார்கள். இந்தத் தாள், அந்தத் தாள், இன்னொரு கையெழுத்து என்று நாள் போய், கடைசியில் அனுமதி வரவில்லை. ஷெல்லியின் குடியிருப்பு நிர்வாகம் மட்டும், பின்பக்கக் கார் நிறுத்துமிடத்தில் ஒரு ஞாயிறு மாலை, அதிகச் சத்தமில்லாமல் நடத்திக்கொள்ளலாம் என்றது.

தைப்பூசம் முடிந்திருந்தது. லோரி ஒன்றில் மீனைப் படுக்கவைத்துக் கொண்டுபோனோம். போய்ச் சேர்ந்தால் ஷெல்லி ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள். முகத்தில் நீலமும் வெள்ளியும் பூசியாகிவிட்டது. இடது கை மட்டும் கட்டுக்குள். முந்தைய நாளிலிருந்து வீங்கியிருக்கிறது. எதையும் சுமக்கக் கூடாது, ஆடக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவள் கணவர் எங்களிடம் அதைச் சொல்லும்போது அவள் மீனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பரவாயில்லை, நிறுத்தி வைப்போம். படம் எடுத்துக்கொள்ளலாம்" என்றார் அவர்.

"நோ" என்றாள் ஷெல்லி. "நிற்கிற மாஸ் செத்த மாஸ். யாராவது ஆட வேண்டும்."

தர்ஷினி உள்ளே நுழைந்தாள். ஒல்லியான இடுப்பில் வளையம் நிற்கவில்லை, வழுக்கித் தொடைக்கு வந்தது. இன்னொரு பெண் முயன்றாள். வளையம் பூட்டவே இல்லை. அப்புறம் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"ஐயோ, நான் மாட்டேன்" என்றேன். "எனக்கு ஆடத் தெரியாது. சுடிதார்ல இருக்கேன். நாப்பது வயசுக்கு மேல, இத்தனை பேர் முன்னாடி..."

இவர் குறடும் கையுமாக வளையத்தின் திருகைத் தளர்த்தினார். தர்ஷினி என் பக்கத்தில் வந்தாள். என் முழங்கையைப் பிடித்தாள்.

"இங்க யாரும் கதவு சாத்த மாட்டாங்கம்மா" என்றாள். "போங்க."

அவள் அன்று கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள்.

வளையம் இறங்கியது. திருகு இறுகியது. ஷெல்லி வலது கையால் என் முகத்தில் சாயம் தடவினாள். அவள் விரல் சூடாக இருந்தது. யாரோ பாட்டைப் போட்டார்கள். முதலில் நான் கோயிலில் பிரகாரம் சுற்றுகிற மாதிரி நடந்தேன். சிறகுகள் பின்னால் கனத்தன. பால்கனிகளில் ஆட்கள் வந்து நின்றார்கள். துணி உலர்த்த வந்த ஒரு சீன ஆன்டி வாளியை வைத்துவிட்டுப் பார்த்தார். காவலாளி போனை உயர்த்திப் பிடித்தார். எனக்குக் கூச்சத்தில் காது எரிந்தது.

ஷெல்லி நாற்காலியிலிருந்து எழுந்தாள். கணவர் தடுத்ததைக் கேட்கவில்லை. என் முன்னால் வந்து, நல்ல கையால் வளையத்தின் விளிம்பைத் தொட்டுக்கொண்டு, பின்பக்கமாக நடக்க ஆரம்பித்தாள். பாதத்தைத் தூக்காமல் தரையைத் தேய்த்து வைக்கிற நடை. "லைக் திஸ், கோமதி. தரையை விடாதே. தரை உன்னைத் தூக்கும்." அவள் காலைப் பார்த்துக்கொண்டே நானும் தேய்த்து நடந்தேன். வளையம் இடுப்பெலும்பில் சரியான இடத்தில் உட்கார்ந்தது. அப்போதுதான் மழைக்கு முந்தைய காற்று வந்தது.

அந்தக் காற்றை எப்படிச் சொல்ல? அத்தனை நாள் தரையைப் பார்த்துக் கிடந்த இறகெல்லாம் ஒரே நேரத்தில் எழும்பியது. எடை போய்விட்டது. எனக்கு மேலே, எனக்குப் பின்னால், நீலமாக ஏதோ மூச்சு விட்டது. கட்டடங்கள் மெதுவாகச் சுற்றின. கார்கள் பாறை மாதிரி அமிழ்ந்து கிடந்தன. நான் சுற்றினேன், குனிந்தேன், எழுந்தேன். கத்தினேன் என்று பிறகு சொன்னார்கள். மழை கொட்டியது. எல்லோரும் கூரைக்கு ஓடினார்கள். தர்ஷினி அங்கிருந்து, "அம்மா, வாங்க!" என்று கூப்பிட்டாள். நான் போகவில்லை. கொஞ்ச நேரத்தில் அவள் மழைக்குள் ஓடிவந்து சிறகின் ஒரு நுனியைப் பிடித்துக்கொண்டு கூடவே ஆடினாள். முடிவில் ஷெல்லி சுவரோரம் நின்று, வாயைப் பொத்திக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள்.

பாட்டு நின்றதும் அவள் சொன்னாள். "இனி பிரித்துப் போடுங்கள்."

எனக்குச் சரியாகப் புரியவில்லை என்று நினைத்தேன். புரிந்தபோது அதிர்ச்சியாக இருந்தது. இத்தனை வாரம் சீவிய இறகு! ஆனால் அவர்கள் ஊரில் அதுதான் வழக்கம். ஆடி முடித்த உடையை வைத்துக்கொள்வதில்லை. அடுத்த வருடம் புதிது. நான் "வேண்டாம், வேண்டாம்" என்று சிறகைப் பிடித்துக்கொண்டேன். இவர்தான் ஸ்பானரோடு வந்து என் பின்னால் மண்டியிட்டார்.

"காவடி இறக்கினதும் நானும் இதான் செய்வேன்" என்றார் மெதுவாக. "கழட்டிடலாம், கோமு."

கழற்றினார். வந்திருந்த குழந்தைகள் ஆளுக்கொரு கொத்து இறகை எடுத்துக்கொண்டு வராந்தாவில் ஓடினார்கள்.

6

உமா, நீ கேட்பதற்கு முன்னால் சொல்லிவிடுகிறேன். ஷெல்லியின் சிகிச்சை முடிந்துவிட்டது. கை வீக்கம் வடிந்தது. பரிசோதனை முடிவு நன்றாக வந்த அன்று அவள் பட்டறைக்கு வந்து, தன் பாட்டன் பெயரைத் திருத்திக் கொடுத்த இவரையே "மிஸ்டர் முனிசாமி" என்று கூப்பிட்டு இனிப்புக் கொடுத்தாள். கணவருக்கு வேலை மாற்றலாகி இப்போது ஊருக்குத் திரும்பிவிட்டார்கள். படிப்பு முடிந்ததும் ஒரு பருவம் தன்னோடு வந்து உடை கட்டும் கூடத்தில் வேலை செய்யச் சொல்லி தர்ஷினியை அழைத்திருக்கிறாள். அவள் போவாள் என்றுதான் நினைக்கிறேன். நான் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. இருபத்து மூன்று வயதில் ஒரு பெட்டியோடு விமானம் ஏறியவள் மகளைத் தடுத்து என்ன சொல்ல முடியும்?

அன்று திரும்பி வந்த வழியை மட்டும் சொல்லி முடிக்கிறேன். லோரியின் முன் சீட்டில் மூவரும் நெருக்கி உட்கார்ந்திருந்தோம். எல்லோரும் நனைந்திருந்தோம். என் இடுப்பு கன்றிப்போயிருந்தது. முகத்துச் சாயம் கழுத்து வழியாக இறங்கிக்கொண்டிருந்தது. நெடுஞ்சாலை முழுக்கச் சிவப்பு விளக்குகள். கண்ணாடியில் தண்ணீர் வழிந்ததில் அவை நீண்டு, கலைந்து, மறுபடி சேர்ந்தன. ஷா ஆலம் தாண்டும்போது தர்ஷினி கேட்டாள்.

"அம்மா, நீங்க முதல்ல இங்க வந்தப்போ பயமா இருந்துச்சா?"

அவள் அப்படி ஒன்றை என்னிடம் கேட்டதே இல்லை. நான் சுருக்கமாகச் சொல்லப் பார்த்தேன். விமானத்திலிருந்து இறங்கியபோது தரையெல்லாம் கம்பளம் விரித்திருந்ததில் யாருடைய செருப்புச் சத்தமும் கேட்காததைச் சொன்னேன். முதல் நாள் ரசத்தில் புளி வேறு மாதிரி இருந்ததற்கு அழுததை, பாசார் என்கிற சந்தையில் மீன்காரர் கேட்டது புரியாமல் எல்லாவற்றுக்கும் தலையாட்டி வீட்டுக்கு ஒரு பெரிய மீன் தலையோடு வந்ததைச் சொன்னேன். அவள் சிரித்தாள். சில வார்த்தைகளுக்கு நிறுத்தி அர்த்தம் கேட்டாள். சொன்னேன். அவள் தலை என் தோளில் சாய்ந்திருந்தது. நீலச் சாயம் அவள் நெற்றியிலும் ஒட்டியது.

பண்டமாரான் வந்துவிட்டது. இவர் வீட்டு வாசலில் லோரியை நிறுத்தி இன்ஜினை அணைத்தார். யாரும் இறங்கவில்லை. கூரையில் மழை விழுந்துகொண்டிருந்தது.

"அப்புறம்?" என்றாள் தர்ஷினி.